ஆர்னி லெப்பாலாவின் எட்டு

எங்கள் ரேஞ்ச், அதாவது இரும்புச் சுரங்க ஊர்கள் பக்கத்து ஆட்களிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பரவால்ல." லாட்டரி விழுந்தாலும் பரவால்ல, வீடு பற்றி எரிந்தாலும் பரவால்ல. நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான், கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்: டுலூத் ஆஸ்பத்திரியில் படுக்கை படுக்கையாகப் போய், "வலி எவ்வளவு இருக்கு?" என்று கேட்பது. போன பிறவியில் என்ன பாவம் செய்தேனோ!

என் பெயர் கோலீன். ஆய்வு நர்ஸ். எங்கள் ஆய்வு விலா எலும்பு உடைந்தவர்களைப் பற்றியது. விலா முறிந்தால் மாவுக்கட்டுப் போட முடியாது, தானாகத்தான் கூட வேண்டும். வயசானவர்களுக்கு எலும்பைவிட வலிதான் எமன். வலிக்கிறதே என்று மூச்சை அரைகுறையாக இழுப்பார்கள், இருமலை அடக்குவார்கள். சளி அடியில் தங்கும், நிமோனியா பிடிக்கும், அப்புறம் ஆக்ஸிஜன் முகமூடி, அதற்கும் மசியாவிட்டால் வென்டிலேட்டர். முதுகில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அந்த இடத்து நரம்பு மரத்துப் போகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வழக்கமான மாத்திரை ஊசியைவிட நன்றாக மூச்சு விடுவார்களா? இதுதான் கேள்வி. யாருக்குக் குழாய், யாருக்கு வழக்கமான வைத்தியம் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். உள்ளே வர ஒரு நிபந்தனை உண்டு. ஆழமாக மூச்சு இழுக்கும்போது வலி பத்துக்கு ஐந்தாவது இருக்க வேண்டும்.

டெக்ஸஸ் பக்கத்து ஆஸ்பத்திரிகள் இதே ஆய்வுக்கு வாராவாரம் ஆள் சேர்த்துத் தள்ளின. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் "ரெண்டு". மரம் மேலே விழுந்தவனும் ரெண்டு, ஏரிப் பனியில் ஸ்னோமொபைல் வண்டியோடு உருண்டவளும் ரெண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "உங்க ஊர்ல யாருக்கும் வலிக்கவே வலிக்காதா?" என்று கேட்டாள். எனக்கு மானமே போயிற்று.

இந்த லட்சணத்தில்தான் பிப்ரவரியில் ஆர்னி லெப்பாலா வந்து சேர்ந்தார்.

ஆர்னியை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். தெரியும் என்றால், முகம் தெரியாது. கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவர். விடியும் முன் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். ஆர்னி போய்விட்டார் என்றால் பள்ளிக்கூட பஸ் வரும், ஆர்னி போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம். அதனால் எனக்கு அவர் மேல் அப்போதே ஒரு கடுப்பு. அந்த மனுஷன் ஒரு நாளாவது படுத்துத் தூங்கித் தொலைக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

அவருடைய மகள் பிறந்த கதை ரேஞ்ச் முழுக்கத் தெரியும். பெரும் பனிப்புயல். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. மனைவி லவெர்னைத் தூக்கி லாரியில் உட்கார வைத்துக்கொண்டு, முன்னால் பனியைத் தள்ளித் தள்ளி வழி செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை பிறந்தது. பார்த்தார். பாதியில் விட்ட ரோட்டை முடிக்கத் திரும்பப் போய்விட்டார். மறுநாள் காபிக் கடையில், "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "பரவால்ல, காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாராம். ஓய்வு பெறும்போது கேக் வெட்டி, பேசச் சொன்னார்கள். "சரி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இப்படியும் ஒரு கல்லுளிமங்கன்!

இந்தத் தடவை, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சானாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், கூரையில் பனி வாரப் போயிருக்கிறார். எழுபது தாண்டிய ஆள் கூரை மேல் ஏறலாமா? சறுக்கி, விறகு அடுக்கின் மேல் விழுந்து, இடது பக்கம் நாலு விலா போயிற்று. விழுந்தவர் என்ன செய்தார் தெரியுமா? மீதிப் பனியை வாரினார். சானாவைச் சூடாக்கி உள்ளே போய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. லவெர்ன் கேட்டதற்கு, "கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்றாராம்.

முதல் நாள் நான் போய்க் கேட்டேன். "ஆர்னி, ஆழமா மூச்சு இழுங்க பாப்போம். வலி எவ்வளவு? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி."

மூச்சு இழுத்தார். அதாவது, தோளை மட்டும் கொஞ்சம் தூக்கினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"ரெண்டு," என்றார்.

"ரெண்டா? வேர்த்துக் கொட்டுதே!"

"ரூம் கொஞ்சம் சூடு."

நர்ஸ்கள் வலிக்கு மருந்து கொண்டுவந்தால், "ரெண்டுக்கு எதுக்கு மருந்து? கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்க" என்று திருப்பி அனுப்பினார். லவெர்ன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டால், "அவர் ரெண்டுன்னா ரெண்டுதான். பொய் சொல்ல மாட்டார்" என்றார். ஜோடிப் பொருத்தம் அப்படி!

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்போம். குழாயை வாயில் வைத்து இழுத்தால் உள்ளே நீல மிதவை மேலே ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மூச்சு. ஆர்னியின் மிதவை முதல் நாள் பாதி வரை ஏறியது. இரண்டாம் நாள் அதில் பாதி. மூன்றாம் நாள் காலை, அடியிலிருந்து எழும்பவே மனசில்லாமல் கிடந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்துவிட்டது. நெஞ்சுக்குள் சளி கரகரத்தது, ஆனால் இருமல் மட்டும் வெளியே வரவில்லை. வாயை மூடி அப்படியே விழுங்கிவிடுவார். எங்கள் மயக்க மருந்து டாக்டர் பெல்லமி பரிசோதித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கோலீன், சாயங்காலத்துக்குள்ள இவர் இருமலேன்னா மேல தீவிர சிகிச்சைக்கு மாத்தணும். இந்த வயசுல ஒரு தடவை வென்டிலேட்டர்ல போட்டா, எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல."

"நீங்க பாத்தாலே தெரியுதே டாக்டர், வலியில சாகறார்னு! ஆய்வுல சேத்துடலாமே?"

"அவர் வாயால சொல்லணும். நாம பாத்து எழுதினா அது நம்ம நம்பர், அவர் நம்பர் இல்ல. மருந்தும் அப்படித்தான். வேண்டாங்கறவர் வாயில திணிக்க முடியுமா?"

நியாயம்தான். ஆனால் எனக்கு வந்ததே கோபம்! நேரே உள்ளே போனேன்.

"ஆர்னி, ஒண்ணு சொல்லுங்க. உங்க கணக்குல பத்துன்னா என்ன?"

யோசித்தார். அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார். "எங்கப்பா கால், சுரங்கத்துல, தாது வண்டிக்கு அடியில மாட்டிச்சு. அரை நாள்."

"சரி, அது பத்தா?"

"அவர் அதைப் பரவால்லன்னாரு. அப்ப அது மூணு, நாலு இருக்கும்."

"அப்ப பத்து?"

"பத்து இன்னும் யாருக்கும் வரல பொண்ணே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பன் கால் நசுங்கினது நாலு என்றால் இவர் விலா ரெண்டுதானே! கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மனுஷன் ஒழுங்காக, நேர்மையாக, ரெண்டு ரெண்டு என்று சொல்லியே செத்துப் போவார்.

மத்தியானம் மெல் ஸ்க்ராபா வந்தார். ஆர்னியின் பக்கத்து வீட்டுக்காரர், ஸ்லோவேனியக் குடும்பம், வாய் ஓயாது. ஒரு கையில் அவர் மனைவி சுட்ட அக்ரூட் பொட்டீட்சா ரொட்டி, இன்னொரு கையில் கிரிபேஜ் என்கிற சீட்டாட்டத்தின் பலகை. இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிரிபேஜ் ஆடுகிறார்கள்.

"என்னடா ஃபின்லாந்துப் பயலே, கூரையில இருந்து பறந்து பாத்தியாமே? இறக்கை முளைக்கலயா?"

ஆர்னிக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் சுண்டியது. "சிரிக்க வைக்காதே," என்றார்.

"ஏன், வலிக்குதா?"

"ரெண்டு."

சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையில் சீட்டைக் கலைத்துப் போட்டார்கள். நானும் அங்கேயே நின்றேன், லவெர்னுக்குக் காபி கொடுக்கிற சாக்கில். கிரிபேஜில் ஒவ்வொரு கை முடிந்ததும் அவரவர் சீட்டை விரித்து, வாய்விட்டு எண்ணி, பலகையில் குச்சியை நகர்த்த வேண்டும். அதிகமாக எண்ணினால் திருட்டு. குறைவாக எண்ணினால் அதைவிடக் கேவலம். எதிராளி "மகின்ஸ்!" என்று கத்திவிட்டு, விட்டுப்போன புள்ளிகளைத் தானே எடுத்துக்கொள்வான். எங்கள் ஊர் மதுக்கடைகளில் மகின்ஸ் வாங்கியவன் ஒரு வாரத்துக்குத் தலை காட்ட மாட்டான். ஆர்னி தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட மகின்ஸ் வாங்கியதில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு, அவர் ஒத்துக்கொள்கிற ஒரே கர்வம்.

ஆட்டத்தின் நடுவே வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்து வழக்கம்போல் கேட்டாள். "வலி எவ்வளவு, ஆர்னி?"

"ரெண்டு."

"மகின்ஸ்!" என்று மெல் ஒரே கத்து. காபி என் கையில் கொட்டிவிட்டது.

ஆர்னி சீட்டைப் பார்த்தார். "இன்னும் எண்ணவே இல்லையே?"

"சீட்டை இல்லடா. உன் கையில இருக்கறதைக் கம்மியா எண்ணறே. மிச்சம் என்னுது. நீ எவ்வளவு விட்டேன்னு சொல்லு, குச்சியை நகத்தணும்."

"நான் கம்மியா எண்ணினதே இல்ல." ஆர்னியின் காது சிவந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப இருமு."

"என்ன?"

"ரெண்டுன்னா ஒரு ஆளு இரும முடியாதா? என் மச்சினன் கட்டை விரல்ல சுத்தியால அடிச்சுக்கிட்டு ரெண்டுன்னான். நல்லா இருமினான், கெட்ட வார்த்தையும் சொன்னான். நீ இருமிக் காட்டு, நான் மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்."

ஆர்னி இருமினார். இருமப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பாதியில் ஏதோ உள்ளே கத்தி போட்டுத் திருகியது போல முகம் வெளுத்தது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. லவெர்னின் ஊசிகள் நின்றுவிட்டன.

"உங்கப்பா கையை எண்ணாதடா ஆர்னி," என்றார் மெல் கடைசியில், மெதுவாக. "அவர் ஆட்டம் முடிஞ்சு போச்சு. உன் கையை எண்ணு."

ஆர்னி கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷன் எண்ணிக்கொண்டிருந்தார். சீட்டை எண்ணுவது போலவே, ஒன்றைக்கூட விடாமல்.

"எட்டு," என்றார்.

"எட்டா?" லவெர்ன் எழுந்தேவிட்டார். நூல் பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது. "எட்டா ஆர்னி? எட்டை வச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்திருந்தே?"

"நீ தூங்கிட்டிருந்தே."

லவெர்ன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். நான் ஓடினேன் டாக்டரைக் கூட்டிவர. ஓடும்போது எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

டாக்டர் பெல்லமி கறாரான ஆள். "அது அவர் நம்பரா, மெல்லோட நம்பரா?" என்று கேட்டுவிட்டு, மெல்லை வெளியே அனுப்பினார். தானே உட்கார்ந்து, ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். ஆர்னி அவர் கண்ணைப் பார்த்து, "எட்டு" என்றார். ஆய்வைப் பற்றி எல்லாம் விளக்கினோம்.

"அந்தக் குழாய் போட்டா சரியாயிடுமா?"

"தெரியாது," என்றார் டாக்டர். "தெரிஞ்சிருந்தா ஆய்வு எதுக்கு?"

ஆர்னிக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. சம்மதம் சொன்னார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, குழாய் விழட்டும் கடவுளே, குழாய் விழட்டும் என்று வேண்டிக்கொண்டே பொத்தானை அமுக்கினேன். ஆய்வு நர்ஸ் அப்படி வேண்டக் கூடாது, தெரியும். வேண்டினேன்.

வழக்கமான வைத்தியம் என்று வந்தது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஒரு எட்டு வாங்கினால், இந்தப் பாழாய்ப் போன இயந்திரம்! ஆர்னியிடம் போய்ச் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரவால்ல."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னீங்க, நானே உங்களைத் தூக்கி அந்தக் கூரையில போட்டுடுவேன்!"

ஆனால் கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். வழக்கமான வைத்தியம் என்றால் ஒன்றும் இல்லாமல் விடுவது இல்லையே! எட்டு வலிக்காரனுக்கு உண்டான வைத்தியம் அத்தனையும் உண்டு. மூன்று நாளாக இவர் திருப்பி அனுப்பியதெல்லாம் இப்போது வரிசையாக வந்தது. இரத்தக் குழாயில் மருந்து, நேரம் தவறாமல் மாத்திரை, விலா மேல் மரத்துப் போகிற மருந்து ஒட்டு. ஆர்னியும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார், எட்டு என்று தன் வாயால் எண்ணிவிட்டாரே!

ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். "இப்ப எவ்வளவு?"

"ஆறரை," என்றார். அரையாம்!

மூச்சுப் பயிற்சிக்காரப் பையன் தலையணை ஒன்றை அவர் விலாவோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னான். ஆர்னி மூச்சை இழுத்தார். இருமினார். அதை இருமல் என்று சொன்னால் போதாது, பனி லாரி பள்ளத்திலிருந்து கிளம்புகிற சத்தம். கெட்டியாக ஒரு கோழை வந்து கிண்ணத்தில் விழுந்தது. வராந்தாவில் நின்ற மெல், "அடிச்சான் பாரு!" என்று கை தட்டினார். எதிர் அறையில் இடுப்பு ஆபரேஷன் ஆன பாட்டியம்மா, என்ன ஏது என்று தெரியாமலே தானும் கை தட்டினார். கிண்ணத்தைப் பார்த்து டாக்டர் பெல்லமி அவ்வளவு சந்தோஷப்பட்டார், ஏதோ பேரக்குழந்தையைப் பார்ப்பது போல.

மேல் மாடிக்கு அனுப்பவில்லை. மறுநாள் நீல மிதவை பாதியைத் தாண்டியது. அதற்கடுத்த நாள் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றினார்கள். ஆனால் ஆர்னியை அடக்கத்தான் முடியவில்லை. ஒழுங்காக எண்ணிப் பழகினவர், இனிமேல் விடுவாரா? மணி அடித்து நர்ஸைக் கூப்பிடுவார். பதறிப்போய் ஓடினால், "நாலேகால் ஆயிருக்கு, சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்பார். இப்படிக்கூட ஒரு மனுஷன் படுத்துவாரா? அந்த வார்டே சிரித்துக்கொண்டு திரிந்தது.

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. குழாய் ஜெயிக்கிறதோ மாத்திரை ஜெயிக்கிறதோ, வருகிறபோது வரட்டும். மெல் ஊருக்குப் போய்க் காபிக் கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அதற்கப்புறம் ரேஞ்சிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் "ரெண்டு" சொல்கிறார்கள். இரண்டு பேர் ஆறு சொன்னார்கள். ஒருவர் ஏழு சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று மன்னிப்புக் கேட்டார்.

ஆர்னி வீட்டுக்குப் போன நாள் நல்ல வெயில், உறைகுளிர். எங்கள் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகிறவர்களைச் சக்கர நாற்காலியில் வாசல் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதுதான் விதி. நான்தான் தள்ளிப் போனேன். லவெர்ன் பிக்கப் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஆர்னிக்குக் கதவைத் திறக்க இறங்கினார். இறங்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. ஆர்னிக்கும் தெரிந்துவிட்டது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. ஏறு."

"லவெர்ன். எவ்வளவு?"

"ரெண்டு. ஏறுப்பா, குளிருது."

ஆர்னி ஏறவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, விலாவைக் கையால் அணைத்துக்கொண்டு, லவெர்னுக்கு எதிரே போய் நின்றார். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை.

லவெர்ன் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அவரை. "ஏழு," என்றார். "இடுப்பு. மாடிப்படி ஏறினா எட்டு. மூணு குளிர்காலமா."

"மூணா?"

"நீதான் கேக்கவே இல்லையே."

ஆர்னியின் தாடை ஆடியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். அழவில்லை. சக்கர நாற்காலியை ஒரு கையால் பிடித்து, லவெர்ன் பக்கமாகத் திருப்பினார்.

"உக்காரு."

"வண்டி நடுவழியில நிக்குது ஆர்னி!"

"நிக்கட்டும். உக்காரு."

ரேஞ்சில் ரோடு முழுக்கப் பனி தள்ளி வழி செய்த ஆள் அவர், ஒரு நாளும் ஒருத்தர் வழியை மறித்ததில்லை. அந்த ஹாரன்காரனைத் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, காத்திரு என்றார். லவெர்ன் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் அவர் வாயிலிருந்து "அப்பாடா" என்று ஒரு சத்தம் வந்தது. தனக்கே அது ஆச்சரியமாக இருந்ததோ என்னவோ, சிரித்துவிட்டார். ஆர்னியும் சிரித்தார், விலாவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். ஆர்னி பக்கத்திலேயே நடந்து வந்தார், அவர் கை லவெர்ன் தோளில் இருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "என்ன விஷயம்?" என்று கேட்டாள்.

"என் பொண்டாட்டிக்கு வலிக்குது," என்றார் ஆர்னி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.